தயிர் ஏன் உறையவில்லை?

வடோதராவில் குடியேறி முப்பது வருடங்களாகியும் எங்கள் வீட்டில் கடைத்தயிர் நுழைந்ததில்லை. பக்கத்துத் தெருக் காகாவிடம் வாங்கும் பசும்பால்தான். சில வருடங்களுக்கு முன் தொடர்ந்து மூன்று நாள் தயிர் உறையவே இல்லை. "உறைமோர் கெட்டுப் போச்சு" என்றேன். "இத்தனை வருஷமாக் கெடாதது இப்பத்தான் கெடுமா? பால்லதாங்க ஏதோ இருக்கு" என்றாள் மனைவி.

அவள் சொன்னதே சரி. காகாவின் பசுவுக்கு மடிநோய். காம்புத் துளை வழியாக ஏற்றிய ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இறங்கி, தயிராக்கும் நுண்ணுயிர்களை வளரவிடாமல் செய்துவிட்டது. காய்ச்சினாலும் அம்மருந்து முழுதாகப் போகாது. லேபிளில் போட்டிருக்கும் நாள்கள்வரை பாலைக் கறந்து கொட்டவேண்டும். "ஒரே மாடு சாகேப், கொட்டினால் தீவனத்துக்கு எங்கே போவேன்?" என்றார் காகா. எனக்குப் பதில் வரவில்லை.

ரயில்வேக்காரனுக்கு எல்லாமே வால்வாகத்தான் தெரியும். மடியில் நான்கு தனி அறைகள். ஒன்றின் பால் மற்றதில் கலக்காது. காம்பு நுனியில் ஒரு சுருக்குத் தசை. கறந்தபின் அது இறுக மூட அரைமணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சாணத்தில் படுத்தால் பாக்டீரியா உள்ளே ஏறிவிடும். கறந்தவுடன் தீவனம் வைப்பது அதனால்தான். தின்கிற மாடு படுக்காது. காம்பை அயோடின் கரைசலில் முக்குவதும் இதற்கே. சிலவகைக் கிருமிகள் கறப்பவர் கை வழியாகவே மாட்டுக்கு மாடு தாவும்.

வீக்கமும் திரிந்த பாலும் பிறகுதான் வரும். முதலில் நோய் மறைந்தே இருக்கும். வண்டி நின்றதும் அச்சுப்பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்போமே, அதுபோல் இதற்கும் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்று ஒன்று உண்டு. நான்கு குழித் தட்டில் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே விட்டு, சோப்பு போன்ற கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் கொழகொழத்துக் காட்டிக்கொடுக்கும்.

ஆனந்தில் உள்ள தேசியப் பால்வள வாரியம் இந்நோய்க்கு ஒரு கைமருந்தைப் பரப்பி வருகிறது. அதன் மூலம் நம் தஞ்சாவூர்! அங்கே கால்நடைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி வகுத்த முறை. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்தால் சிவந்துவிடும். நீரில் கரைத்து, கழுவிக் கறந்த மடியில் தினம் எட்டுப் பத்துமுறை, ஐந்து நாள் பூசவேண்டும். முற்றிவிட்டால் டாக்டர்தான்.

அடுத்தமுறை மடி சூடானபோது காகா அன்றே கவனித்துப் பூசினார். ஊசி தேவைப்படவில்லை. கற்றாழை எங்கள் மாடித் தொட்டியிலிருந்து போனது. இப்போதும் அவர் பையன் அவ்வப்போது வந்து வெட்டிக்கொண்டு போகிறான்.