சேம அச்சு: உப்பு வண்டியின் முதல் நாள்

புதுவை நகரின் தென்பகுதியில் உப்பளம் என்றொரு வட்டாரம் உண்டு. விளையாட்டரங்கமும் வீடுகளும் நிறைந்த அவ்விடத்தில் இன்று உப்புப் பாத்திகள் இல்லை. பெயர் மட்டுமே பழைய தொழிலை நினைவூட்டுகிறது. 'அளம்' என்றால் உப்பு விளையும் நிலம். புதுவைக்கு வடக்கே மரக்காணத்தில் இன்றும் உப்பளங்களைக் காணலாம்.

உப்பு விளைவது கடற்கரையில். அது வேண்டியிருப்பதோ எல்லா ஊராருக்கும். லாரியும் ரயிலும் இல்லாத சங்க காலத்தில் அதை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவர்கள் உமணர் என்னும் உப்பு வணிகர்கள். அவர்களுடைய வண்டி வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை என்னும் நூல் இவ்வண்டிகளை விரிவாக வருணிக்கிறது. மேலே கூரை வேய்ந்திருக்கும். கோழிக்கூடு இருக்கும். சிறிய உரல் ஒன்று தொங்கும். காடிப் பானையைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கைக்குழந்தையுடன் மனைவி காளைகளை ஓட்டுவாள். வலிமை மிக்க ஆண்கள் வண்டியின் பக்கத்தில் காவலாக நடந்து வருவார்கள். வீட்டு வசதிகளுடன் இன்று சாலையில் ஓடும் 'காரவன்' ஊர்திக்கு இதை மூதாதை எனலாம்!

இப்பயணத்தில் வண்டிக்குச் சோதனையான நாள் முதல் நாளே. ஏன்? அன்று உப்பு சிறிதும் விற்றிருக்காது. பாரம் முழுமையாக இருக்கும். உப்புக்கு மாற்றாக உமணர் சம அளவு நெல் பெற்றனர் எனச் சங்கப் பாடல்கள் கூறுகின்றன. ஒரு படி உப்பின் எடை ஒரு படி நெல்லின் எடையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆகவே பண்டமாற்று நடக்க நடக்கப் பாரம் குறையும்.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இந்த நிலையைத்தான் காட்டுகிறார். காளைகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. பாரமோ பெரிது. வழியில் பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ, யார் அறிவார்? ஆகவே உமணர் வண்டியின் அடியில் 'சேம அச்சு', அதாவது மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். பொகுட்டெழினி என்னும் தலைவனை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர்.

இந்த உவமைக்குள் நல்லதொரு பொறியியல் இருக்கிறது.

முதலில் மேட்டைப் பார்ப்போம். வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் செல்வதற்குள் 1 மீட்டர் உயரும் சரிவில் ஏற, எடையில் 20இல் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ எடைக்குச் சமமான விசை கூடுதலாக வேண்டும். ஒரு காளை தன் எடையில் ஏறத்தாழ 10இல் ஒரு பங்கு விசையுடன்தான் நெடுநேரம் இழுக்க முடியும். 300 கிலோ எடையுள்ள இரு காளைகள் சேர்ந்தால் 60 கிலோ. சரிவு ஒன்றே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது! பழகாத காளைகள் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வெட்டி இழுக்கும்போது வண்டி குலுங்கும்.

இனிப் பள்ளம். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது பாரம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. திடீரென ஏற்றப்படும் பாரம், மெல்ல ஏற்றப்படும் அதே பாரத்தைப் போல் இரு மடங்கு தகைவை அச்சில் உண்டாக்கும். உயரத்திலிருந்து விழுந்தால் இன்னும் அதிகம். ஆரக்கால்களில் ஒன்று முறிந்தாலும் மற்றவை ஓரளவு தாங்கும். அச்சு முறிந்தால் தாங்குவதற்கு வேறு உறுப்பு இல்லை. வண்டி அங்கேயே படுத்துவிடும். மழை வந்தால் உப்பும் கரையும். குழந்தைகளுடன் குடும்பமும் நடுவழியில் நிற்கும்.

அப்படியானால் அச்சையே பருமனாகச் செய்துவிடலாமே? விட்டத்தை இரு மடங்காக்கினால் வளைவைத் தாங்கும் வலிமை 8 மடங்காகும், உண்மைதான். ஆனால் அச்சின் எடை 4 மடங்காகிறது. அச்சு சக்கரத்தின் குடத்துக்குள் உராய்கிறது அல்லவா? விட்டம் இரட்டிப்பானால், அவ்வுராய்வை வெல்லக் காளைகள் செலுத்த வேண்டிய விசையும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எப்போதோ வரும் ஆபத்துக்காக ஒவ்வோர் அடியிலும் காளைகள் வரி செலுத்த வேண்டும்! சேம அச்சோ உராய்வதில்லை. தன் எடையை மட்டுமே வண்டியில் ஏற்றுகிறது.

அதனால் கிடைக்கும் பயன் எவ்வளவு? 20 பயணங்களில் ஒன்றில் அச்சு முறியும் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். மாற்றிய அச்சும் அதே அளவு உறுதியானதாக இருந்தால், இரண்டும் ஒரே பயணத்தில் முறியும் வாய்ப்பு 20 x 20, அதாவது 400இல் ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை: சேம அச்சும் பழுதற்ற மரமாக இருக்க வேண்டும். அடியில் கிடந்தபடியே அது உளுத்துப்போயிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும்.

காரின் மாற்றுச் சக்கரமும், ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்றால் பறக்கும் விமானமும் இதே தத்துவத்தைப் பின்பற்றுபவையே. அடுத்த முறை குடும்பத்தோடு காரில் நெடும்பயணம் கிளம்பும்போது, மாற்றுச் சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பார்க்க வேண்டிய நேரம் முதல் நாள் காலை; நடுவழியில் டயர் வெடித்த பிறகு அல்ல.