எஞ்ஜினில் எண்ணெய்க் கசிவு: வீட்டிலே பழுது பார்க்கத் தக்கது எது?

டீசல் எஞ்ஜினைக் கொண்டு நீரிறைக்கும் விவசாயிகளிற் பலர், எஞ்ஜினின் அடியில் எண்ணெய் சொட்டக் கண்டதும் இரண்டிலொன்றைச் செய்கிறார்கள். சிலர் ஸ்பானரை எடுத்துக் கண்ணிற்பட்ட நட்டுகளையெல்லாம் முறுக்குகிறார்கள். சிலர் கீழே ஒரு தகரத்தை வைத்துவிட்டு, அறுவடை வரையில் அதை மறந்திருக்கிறார்கள். இரண்டும் நஷ்டத்தையே விளைவிக்கும். கசிவு எவ்விடத்திலிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே, வீட்டில் சரி செய்வதா, மெக்கானிக்கை அழைப்பதா, போகம் முடியும் வரையில் பொறுப்பதா என்று தீர்மானித்தல் வேண்டும்.

இத்தீர்மானம் அற்ப விஷயமன்று. 1934-ம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையைத் திறப்பதற்கு ஜூன் 12-ந் தேதி வழக்கமான நாளாகும். அந்நாள் தவறும் ஆண்டுகளில், காவிரி டெல்டாவின் குறுவை நாற்றங்கால் பில்டர் பாயிண்டுகளை நம்பியே நிற்கிறது. மின்சார இணைப்பு இல்லாதவிடத்து எஞ்ஜின் ஒன்றே கதி. அச்சமயம் எஞ்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு, உரிய சாமான் கிடைக்காமல் நான்கு நாள் நிறுத்தி வைப்பது ஆபத்து. எண்ணெய் குறைந்ததறியாமல் ஓட்டி, பேரிங் கெட்டு, கிராங்க் ஷாப்ட் கீறிப்போவது அதனினும் பெரிய ஆபத்து. எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் கருவி இல்லாத எஞ்ஜின்கள் பல இருப்பதால், முன்னறிவிப்பு யாதும் கிட்டாது.

முதலில் எஞ்ஜின் நன்றாக ஆறிய பின் மண்ணெண்ணெயும் துணியுங் கொண்டு வெளிப்புறம் முழுவதையும் துடைத்து உலர்த்த வேண்டும். சூடான எஞ்ஜினின் மீது மண்ணெண்ணெய் படுவது தீக்கு இடமாகும். பிறகு சந்தேகமான இடங்களில் சாக்குக்கட்டித் தூளைத் தூவி, அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தால், தூள் முதன்முதல் நனையும் இடம் புலப்படும். எண்ணெய் கீழ்நோக்கி வழிவதும், ப்ளைவீலின் காற்றால் ஒதுக்கப்படுவதும் இயல்பாகையால், சொட்டும் இடமே கசியும் இடமென்று கொள்ளலாகாது. ஓடும்போது ப்ளைவீலுக்கும் பெல்டுக்கும் அருகே கையையோ துணியையோ கொண்டு போகக் கூடாது.

ஒரே சமயத்தில் பல இடங்களிற் கசிவு கண்டால், அவ்விடங்கள் யாவும் கெட்டுவிட்டன என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் குற்றம் பிரீதரில் இருக்கும். பிஸ்டனைத் தாண்டிச் சிறிதளவு புகை கிராங்க் கேஸிற்குள் எப்பொழுதும் இறங்கிக்கொண்டேயிருக்கிறது. அதை வெளியேற்றும் வழியே பிரீதர். அவ்வழி பிசுக்கடைந்துவிட்டால் உள்ளே அழுத்தம் மிகுந்து, அகப்பட்ட சந்துகளின் வழியெல்லாம் எண்ணெயைத் தள்ளும். பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயிற் கழுவி, அதன் வால்வு தடையின்றி அசைகிறதா என்று பார்ப்பது எவரும் செய்யக்கூடிய வேலை. காசு செலவில்லாத இவ்வேலையை விட்டுவிட்டுப் புதுப் பேக்கிங் வாங்கச் செல்வோரே அதிகம். பிரீதர் சுத்தமாயிருந்தும் அதன் வழியே புகை பலமாக வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

எண்ணெயின் மட்டத்தையும் அளவுகோலாற் பார்த்தல் அவசியம். மேற்குறிக்கு மேல் ஊற்றினாலும் கசியும். ஊற்றாமலே மட்டம் உயர்ந்து டீசல் வாடை வீசினாலும், எண்ணெய் வெண்ணிறமாகக் கலங்கியிருந்தாலும், டீசலோ நீரோ உள்ளே கலந்திருக்கிறதென்று கொண்டு உடனே நிறுத்திவிட வேண்டும்.

வடிகால் திருகின் அடியிற் கசிந்தால் வாஷரை மாற்றலாம். செம்பு வாஷராயின், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் மிருதுவாகி மீண்டும் உதவும். பக்கவாட்டு மூடியின் பேக்கிங்கையும் வீட்டிலேயே மாற்றலாம். பழைய காகிதத்தை இரும்பு கீறாமற் சுரண்டியெடுத்து, அதே கனமுள்ள பேக்கிங் தாளை வெட்டி வைத்து, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மூடி வளைந்து முன்னிலும் அதிகமாய்க் கசியும். பசையை அப்பினால் அது உள்ளே பிதுங்கி எண்ணெய்த் துவாரத்தை அடைத்துவிடும். கசிவின்மேல் வெளிப்புறமாய்ப் பசை பூசுவதோ வீண்வேலை.

ஆனால் பேக்கிங் எல்லாம் ஒன்றென்று எண்ணலாகாது. பல எஞ்ஜின்களில் சிலிண்டரின் அடியிலுள்ள தகடுகள் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியையும், டீசல் பம்பின் அடியிலுள்ளவை டீசல் பீய்ச்சும் நேரத்தையும், மெயின் பேரிங் கூட்டிலுள்ளவை கிராங்க் ஷாப்டின் ஆட்டத்தையும் நிர்ணயிக்கின்றன. இவ்விடங்களில் ஒரு மெல்லிய தகடு கூடினாலும் குறைந்தாலும் எஞ்ஜின் கெடும். ஆகையால் அம்மூன்றையும் தொடாதிருப்பது உத்தமம். ப்ளைவீலின் பின்னால் ஆயில் சீலிற் கசிந்தாலும் அங்ஙனமே. கனமான ப்ளைவீலைக் கழற்றுவதற்கு ஆளும் கருவியும் வேண்டும். மேலும் சீல் உராயும் இடத்தில் ஷாப்ட் தேய்ந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது.

இனி, பொறுக்கலாமா என்பது. காலையில் எஞ்ஜின் ஆறியிருக்கையில் மேற்குறி வரை எண்ணெய் ஊற்றி, பத்து மணி நேரம் ஓட்டி, மறுநாட் காலையில் அளந்து ஊற்றி அக்குறிக்கே கொண்டுவர வேண்டும். குறைவு இரு குறிகளின் நடுப்பாகத்தையும் எட்டாமல், நாளுக்கு நாள் பெருகாமல், பெல்டிலும் புகைக்குழாயிலும் படாமல் இருந்தால், தினமும் மட்டம் பார்த்துக்கொண்டு அறுவடை வரையில் ஓட்டலாம். ஒரே நாளில் கீழ்க்குறியை நெருங்கினால், நாற்று வாடினாலுஞ் சரி, நிறுத்தியே தீர வேண்டும். அண்டை வயலின் எஞ்ஜினை வாடகைக்குப் பேசுவது கிராங்க் ஷாப்டைக் காட்டிலும் மலிவு. வெளிப்புறம் உலர்ந்திருந்தும் எண்ணெய் குறைந்து, புகை நீலமாக வந்தால், எண்ணெய் எரிகிறதேயன்றிக் கசியவில்லை.

பலர் கூடி உபயோகிக்கும் எஞ்ஜினில் மட்டம் பார்ப்பது எவர் கடமையுமின்றிப் போய்விடுகிறது. அத்தகைய எஞ்ஜின் உள்ள ஊர்களில், ஓட்டிய மணியையும் ஊற்றிய எண்ணெயையும் அன்றன்று குறிக்க ஒரு நோட்டுப் புத்தகத்தை எஞ்ஜின் கொட்டகையிலேயே கட்டித் தொங்கவிடுமாறு கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். தகரத்திற் சேர்ந்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், மூடியுள்ள டப்பாவிற் சேர்த்துப் பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்க வேண்டும்.