கல்லட்டி ஏற்றத்தில் எங்கே நிற்கணும்?

கும்மிடிப்பூண்டியில் உட்கார்ந்துகொண்டு மலைச் சைக்கிள் பந்தயம் பார்க்கத் திட்டம் போடுவது கொஞ்சம் வேடிக்கைதான். எங்க பக்கம் பெரிய ஏற்றம்னா அது மேம்பாலம். அம்பத்தூரில் 1949லேயே டிஐ சைக்கிள்ஸ் வந்துவிட்டது. சைக்கிளுக்குப் பஞ்சமில்லை, மலைதான் இல்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நான் பார்த்து வைத்திருக்கும் இடம் நீலகிரியின் கல்லட்டி மலைப்பாதை. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலை, 36 கொண்டை ஊசி வளைவுகள். 2008 டிசம்பரில் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' பல நாள் சைக்கிள் பயணம். முழுக்கப் பந்தயம் இல்லை. சில பகுதிகளில் மட்டும் நேரம் கணக்கிட்டுப் போட்டி நடக்கும். அதில் பேர் போனது கல்லட்டி ஏற்றம்.

ஷிஃப்ட் வேலைக்காரனுக்கு இரண்டு நாள் லீவு சும்மா வராது. அதைச் செலவழித்துப் போய்ப் பத்து நொடி பார்த்துட்டு வர்றதா? சமவெளியில் நின்றால் அதுதான் நடக்கும். மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் வருபவர் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் கடக்கிறார். நூறு மீட்டர் நீளக் கூட்டம் எட்டு நொடியில் காலி. அந்த வேகத்தில் பெரிய எதிரி காற்று. முன்னால் போகிறவரின் மறைவில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வருபவருக்கு உழைப்பு குறையும். அதனால்தான் எல்லாரும் கும்பலாகவே வருவார்கள்.

மலையில் கணக்கே மாறிவிடும். 10 சதவீதச் சரிவு, அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், 300 வாட் மிதித்தாலும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 13 கி.மீ.தான். 200 வாட்டில் 9 கி.மீ. இங்கே எதிரி காற்று இல்லை, சொந்த எடை. யார் மறைவிலும் ஒளிய முடியாது. அப்படிப்பட்ட ஏற்றம் 12 கி.மீ. நீண்டால் இந்த இருவருக்கும் நடுவே கிட்டத்தட்ட 25 நிமிஷ இடைவெளி விழும். ஆக, எவ்வளவு மேலே நிற்கிறீர்களோ அவ்வளவு நேரம் பார்க்கலாம். ஒவ்வொரு முகமாக.

என் தேர்வு, கல்லட்டி கிராமத்துக்கு மேலே ஒரு வளைவின் மேல் கை. கீழே வருபவரை ஒருமுறை, திரும்பி ஏறும்போது இன்னொரு முறை பார்க்கலாம். வளைவின் வெளி ஓரம் மட்டும் வேண்டவே வேண்டாம். இறங்கும் வண்டிக்குப் பிரேக் போனால் அது போய் முட்டும் இடம் அதுதான். இந்தச் சாலையில் விபத்துகள் புதுசில்லை, வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் அதனால்தான். கீழே மசினகுடிப் பக்கம் முதுமலைப் புலிகள் காப்பகம்; அங்கே காட்டுச் சாலையில் நிற்பது தப்பு.

கூட்டம் சாலைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜூலை 14 சாட்சி. டூர் டி பிரான்ஸில் மோன் வாந்து மலை. உச்சியில் பலத்த காற்று என்று முடிவுக்கோட்டைக் கீழே இறக்கினார்கள். அத்தனை கூட்டமும் குறுகிய இடத்தில் அடைந்தது. முன்னால் போன மோட்டார் பைக் நின்றுவிட, ரிச்சி போர்ட் அதில் மோதினார். பின்னால் வந்த கிறிஸ் ஃபுரூமின் சைக்கிள் உடைந்து, முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையோடு மனுஷன் மலையில் ஓடினார்!

பயணம் எளிது. சாயங்காலம் புறநகர் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிகாலை மேட்டுப்பாளையம். 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். ரயில், அரசுப் பேருந்துக்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவசரமில்லாதவர்கள் மலை ரயிலில் ஏறலாம். அதன் பல்சக்கரப் பாதையின் செங்குத்தான சரிவு 12க்கு 1, அதாவது 8.3 சதவீதம். டூர் டி பிரான்ஸின் புகழ்பெற்ற ஆல்ப் துவேஸ் ஏற்றத்தின் சராசரியும் 8 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். ரயிலே பல் வைத்துக் கவ்வி ஏறும் சரிவு, பாருங்க.

முதல் நாள் ஊட்டியில் தங்கல். மறுநாள் காலையிலேயே தலைகுந்தா வழியாகக் கீழே இறங்கி இடம் பிடிக்கணும். அன்றிரவே மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் அடுத்த நாள் காலை சென்ட்ரல், மதியம் செகண்ட் ஷிஃப்ட். ஆனால் பாதை வருஷத்துக்கு வருஷம் மாறும். கல்லட்டி எந்த நாள் என்று அட்டவணையைப் பார்த்துவிட்டு அப்புறம் லீவு எழுதிக் கொடுங்க.