அட்டையால் பொருள் வாங்குவோர் அறிய வேண்டியவை

சந்தைக்குச் செல்லும் விவசாயி பணத்தை மடியில் முடிந்துகொண்டு செல்வது நம் முன்னோர் வழக்கம். கூட்டத்தில் எவனேனும் முடிச்சை அவிழ்த்துவிட்டால், மடியைத் தொட்டுப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் விளங்கிவிடும். இன்றோ பணம் மடியில் இல்லை, பாங்கில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவியாக ஓர் அட்டை நம் சட்டைப் பையில் இருக்கிறது. அட்டை பையிலேயே பத்திரமாக இருக்க, பணம் மட்டும் பறிபோகக்கூடும் என்பதே இக்காலத்துத் திருட்டின் விசேஷம்.

இது பட்டணத்தாருக்கு மட்டுமே உரிய தொல்லை என்று கிராமவாசிகள் எண்ணலாகாது. 1998ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற உழவர் கடன் அட்டைத் திட்டத்தின்கீழ், இன்று ரூபே அட்டையும் விவசாயிகளுக்கு வழங்கப்படுகிறது. விதைக்கும் உரத்திற்கும் என்று பெற்ற கடன் ஓர் இரவில் மறைந்துவிட்டால், அந்தப் போகமே பாழாகும். பயிர் இராது, கடனும் வட்டியும் மட்டும் மிஞ்சும். ஆகவே, இம்மோசடி நிகழும் விதத்தையும், அதனைத் தடுக்கும் முறையையும், தப்பித்தவறி நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டுவனவற்றையும் ஈண்டுக் கூறுவோம்.

மோசடி நிகழும் விதம்

அட்டையின் மேல் பதினாறு இலக்க எண்ணும், அது செல்லுபடியாகும் மாதமும் ஆண்டும் உள்ளன. மூன்று இலக்கச் சோதனை எண் ஒன்றும் இருக்கிறது. பின் எண் என்னும் இரகசிய எண் நம் மனத்தில் இருக்க வேண்டுவது. ஓ.டி.பி. என்னும் ஒரு முறை எண், வாங்கும் சமயத்தில் நம் கைபேசிக்கு வந்து சேர்வது.

2009ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல், நம் நாட்டில் இணையத்தின் மூலம் அட்டையால் பொருள் வாங்க, அட்டையில் அச்சிட்டுள்ள எண்கள் மட்டும் போதா. வேறொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு விதித்துள்ளது. எனவே, அட்டை எண்ணைத் திருடியவனுக்கும் ஒரு பூட்டு மிஞ்சியிருக்கிறது. அதன் சாவி நம்மிடமே உள்ளது. அதனால்தான் அவன் நம்மோடு பேச வருகிறான். பாங்கு அதிகாரி என்பான். அட்டை இன்றிரவே முடங்கிவிடும் என்று அச்சுறுத்துவான். அரசாங்க உதவித் தொகை வந்திருக்கிறது என்று ஆசை காட்டுவான். பேச்சு எதுவாயினும் நோக்கம் ஒன்றே: அந்த எண்ணை நம் வாயாலேயே சொல்ல வைப்பது.

வெளிநாட்டு வியாபாரத் தளங்கள் சிலவற்றில் அந்த ஒரு முறை எண் கேட்கப்படுவதில்லை. அங்கே, அட்டையின் மேல் உள்ள எண்களே திருடனுக்குப் போதுமானவை. கடைக்காரர் அட்டையை உள்ளே எடுத்துச் சென்று படம் பிடித்துக்கொண்டாலும் ஆபத்து உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

பண இயந்திரத்தில் வேறொரு வகை நடைபெறுகிறது. எழுத்துப் பழக்கம் இல்லாத முதியவருக்கு உதவுவதாக ஒருவன் வந்து, பின் எண்ணையும் பார்த்துக்கொண்டு, அதே நிறமுள்ள வேறோர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். மற்றொரு வகை, பாதி விலைக்கு மோட்டாரும் தெளிப்பானும் தருவதாக விளம்பரம் செய்யும் போலிக் கடை. பணம் சென்றுவிடும், பொருள் வாராது.

வருமுன் காத்தல்

முதலாவது, கடையில் அட்டையைக் கண் மறைவாகக் கொடுத்தனுப்பலாகாது. இயந்திரத்தை நம் முன்னே கொண்டுவரச் சொல்ல வேண்டும். அதில் தெரியும் தொகையைப் படித்துப் பார்த்த பின்னரே, கையால் மறைத்துக்கொண்டு பின் எண்ணை நாமே அழுத்த வேண்டும். எண்ணை உரக்கச் சொல்லிக் கடைப் பையனை அழுத்தச் செய்வது, வீட்டுச் சாவியைச் சந்தையில் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, வேண்டாத வசதிகளை மூடி வைக்க வேண்டும். 2020ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி ரிசர்வ் பாங்கு பிறப்பித்த உத்தரவின்படி, இணைய வியாபாரம், வெளிநாட்டு உபயோகம், தொடாமல் காட்டிச் செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே திறக்கவும் மூடவும், செலவுக்கு வரம்பு கட்டவும் அட்டைதாரருக்கு உரிமை உண்டு. வெளிநாட்டில் நமக்கு வாங்க வேண்டிய பொருள் ஒன்றுமில்லையெனில், அக்கதவு திறந்திருப்பானேன்? காட்டிச் செலுத்தும் முறையில் 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே பணம் செல்லும் என்பதையும் நினைவில் கொள்க.

மூன்றாவது, பாங்கில் பதிவு செய்துள்ள கைபேசி எண் நம்முடையதுதானா என்று சோதிக்க வேண்டும். இதைப் பலரும் கவனிப்பதில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணையோ, எப்போதோ கைவிட்ட பழைய எண்ணையோ கொடுத்திருந்தால், பணம் போன செய்தி நம்மை வந்து அடையாது. கிளைக்குச் சென்று ஒரு விண்ணப்பம் கொடுத்தால் எண்ணை மாற்றிக்கொள்ளலாம்.

நான்காவது, பின் எண், சோதனை எண், ஒரு முறை எண் ஆகியவற்றை எவரிடமும் கூறலாகாது. எந்தப் பாங்கும் தொலைபேசியில் இவற்றைக் கேட்பதில்லை. முன்பின் அறியாதவர் அனுப்பும் செயலி எதனையும் கைபேசியில் ஏற்றவும் கூடாது. பாங்கின் தொலைபேசி எண் தேவையானால், அட்டையின் பின்புறத்திலோ கணக்குப் புத்தகத்திலோ பார்க்கவும். இணையத்தில் தேடி எடுத்த எண் மோசடிக்காரனுடையதாகவே இருத்தல் கூடும்.

பணம் போய்விட்டால்

நாம் வாங்காத பொருளுக்குப் பணம் சென்றதாகச் செய்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருத்தல் தவறு. உடனே பாங்கின் எண்ணுக்குப் பேசி அட்டையை முடக்கச் சொல்ல வேண்டும். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் அதனை இடைமறித்து நிறுத்த முயல்வதே இவ்வேற்பாட்டின் பயன். ஆகையால் ஒவ்வொரு நிமிஷமும் மதிப்புள்ளது. மறுநாள் கிளைக்குச் சென்று எழுத்து மூலம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி ரிசர்வ் பாங்கு வெளியிட்ட விதிகள் இங்கே நமக்குத் துணை நிற்கின்றன. கூட்டுறவுப் பாங்குகளுக்கும் அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் இவை போன்ற விதிகள் வந்தன. பாங்கின் குறையால் பணம் போயிருந்தால், நஷ்டம் முழுவதும் பாங்கைச் சேர்ந்தது. பாங்கின் மீதும் நம் மீதும் பிழையின்றி வேறிடத்தில் தவறு நிகழ்ந்திருப்பின், செய்தி கிடைத்த நாள் நீங்கலாக மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு நஷ்டம் இல்லை.

ஓர் உதாரணம் காண்போம். சேமிப்புக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் இவ்விதம் போயிற்று என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரையிலும், அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் 5,000 ரூபாய் வரையிலும் நாம் தாங்க நேரும். அதற்கும் மேல் தாமதித்தால், அந்தப் பாங்கு வகுத்துள்ள கொள்கைப்படியே முடிவாகும். நான்கு நாள் சோம்பலின் விலை இது.

தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்கவும், 90 நாட்களுக்குள் புகாரைத் தீர்க்கவும் பாங்கு கடமைப்பட்டது. தவறு நம்முடையது என்றால், அதனை நிரூபிக்கும் பொறுப்பும் பாங்கினுடையதே. 30 நாட்களில் தக்க பதில் வாராவிடில் ரிசர்வ் பாங்குக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்னும் எண் உள்ளது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பு விதியைக் கிளையில் கேட்டறிதல் நலம்.

ஒரு முறை எண்ணை நாமே சொல்லிவிட்டால் என்ன ஆகும்? தெரிவிக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் நம்மைச் சாரும். தெரிவித்த பின் நிகழ்வது பாங்கைச் சாரும். ஆகவே, தவறு நம்முடையதே ஆயினும் உடனே தெரிவிப்பதால் மிச்சப் பணத்தைக் காக்கலாம்.

பணம் கட்டியும் பொருள் வாராத வழக்கு வேறு வகையானது. முதலில் விற்றவரிடமும், பின்னர் அட்டை கொடுத்த பாங்கிடமும் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் நாடலாம்.

பஞ்சாயத்தின் பணி

ஏமாந்தவர் வாய் திறவாமல் இருப்பதே மோசடிக்காரனுக்குப் பெரும் பலம். ஊரார் நகைப்பார்களே என்று நாணி, மனைவி மக்களிடமும் கூறாமல் நாட்களைக் கடத்துவோர் பலர். மூன்று நாட்கள் அவ்வாறே கழிந்துவிடுகின்றன. களவு கொடுத்தவன் குற்றவாளி அல்லன் என்னும் எண்ணத்தைக் கிராமத்தில் பரப்புதல் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் முதற் கடமையாகும்.

பஞ்சாயத்து அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், நியாயவிலைக் கடை ஆகியவற்றின் சுவரில் 1930 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் பாங்குக் கிளை அலுவலரை அழைத்து, வேண்டாத வசதிகளை மூடும் முறையைச் செய்து காட்டச் சொல்லலாம். படித்த இளைஞர்கள் இருவரை இவ்வுதவிக்கென நியமித்தால், முதியோர் அந்நியரை நாட வேண்டியிராது. ஆனால், அவ்விளைஞரிடத்தும் பின் எண்ணைக் கூற வேண்டியதில்லை.

வேலி இல்லாத பயிருக்கு விளைச்சல் நிச்சயமில்லை. வேலி போடச் செலவில்லாத இக்காரியத்தில், அடுத்த கிராம சபை வரையிலும்கூடக் காத்திராமல் இன்றே முனைவோமாக.