யாரைக் கேட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்தீர்கள்?

‘உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டுவிட்டது’ என்று கைபேசியில் குறுஞ்செய்தி வருகிறது. நீங்கள் அலுவலகத்தில் இருக்கிறீர்கள். வீடு பூட்டிக் கிடக்கிறது. டெலிவரி செய்தவரை அழைத்தால், “பக்கத்து வீட்டுல குடுத்திருக்கேன் சார்” என்கிறார். எந்தப் பக்கத்து வீடு, வாங்கியவர் பெயர் என்ன என்று கேட்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அவர் அடுத்த தெருவுக்குப் போயாக வேண்டும். நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பொருள் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. மாலையில் வீடு திரும்பிக் கதவு கதவாகத் தட்டி விசாரிக்கும் வேலை மட்டும் உங்களுக்கு மிச்சம்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த எந்த ஊரிலும் இது அன்றாடச் சங்கதி. பெரும்பாலான நாட்களில் பார்சல் பத்திரமாகக் கிடைத்துவிடுகிறது. அதற்குக் காரணம் அக்கம்பக்கத்தாரின் நல்ல மனது. கிடைக்காத நாளில்தான், இந்த ஏற்பாட்டுக்கு யாருமே பொறுப்பேற்கவில்லை என்பது தெரியவருகிறது.

ஊருக்குப் போகும்போது சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதும், கேஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்கச் சொல்வதும் நம்மிடையே நெடுநாளாக உள்ள பழக்கம். அதில் வாய்விட்டுக் கேட்பவர் ஒருவர் இருந்தார். சரி என்று ஒப்புக்கொள்பவர் ஒருவர் இருந்தார். இன்று நாம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டாரும் முன்கூட்டிச் சம்மதிக்கவில்லை. இடையில் வந்த ஒரு நிறுவனம், காசு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலையின் கடைசிப் பகுதியை அவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டுப் போகிறது. தவறு தொடங்குவது இங்கேதான்.

தபால்காரர் கடைப்பிடித்த ஒழுங்கு

அஞ்சல் துறையில் இதற்கென்று தெளிவான முறை உண்டு. கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டிய தபாலை எடுத்து வரும்போது வீடு பூட்டியிருந்தால், தபால்காரர் அறிவிப்புச் சீட்டை வைத்துவிட்டுப் போவார். தபால் 7 நாட்கள் வரை தபால் நிலையத்தில் காத்திருக்கும். அடையாளச் சான்றைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். தபால் நிலையத்தில் வேறொருவர் வாங்க வேண்டுமென்றால் எழுத்து மூலம் அதிகாரம் கொடுக்க வேண்டும்.

விதிக்கு மேலே பழக்கமும் துணை நின்றது. ஒரே தபால்காரர் ஒரு தெருவுக்குப் பல ஆண்டுகள் வந்தார். யார் யாருக்கு உறவு, யார் வீட்டில் கொடுத்தால் போய்ச் சேரும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று பார்சல் கொண்டுவரும் இளைஞர் அடுத்த மாதம் வேறு பகுதியில் இருப்பார், அல்லது வேறு நிறுவனத்தில். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கைபேசித் திரையில் ஒளிரும் முகவரிதான்.

அஞ்சல் துறையிலும் 2025-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. தலைமுறைகளாக நாம் நம்பியிருந்த பதிவுத் தபால், ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டது. ஸ்பீட் போஸ்ட் முகவரிக்குச் சேர வேண்டியது. அந்த முகவரியில் இருக்கும் வேறொருவரும் அதை வாங்கலாம். பெயருக்கு உரியவர் அல்லது அவர் அதிகாரம் அளித்தவர் கையில் மட்டுமே சேர வேண்டும் என்றால், 5 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கூடுதலாகக் கட்டி ‘பதிவு’ வசதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதே 5 ரூபாய்க் கட்டணத்தில், ஓ.டி.பி. சொன்னால்தான் கொடுக்கும் வசதியும் உண்டு. முக்கியமான ஆவணம் அனுப்புகிறவர்கள் தபால் நிலைய ஜன்னலில் இதை மறக்காமல் கேட்க வேண்டும்.

டெலிவரி செய்பவரின் நெருக்கடி

இதில் எல்லாப் பழியையும் பார்சல் கொண்டுவருபவர் மீது சுமத்துவது நியாயமாகாது. பல இடங்களில் அவருக்குக் கூலி பார்சல் கணக்கில்தான். கொடுத்து முடித்தால் காசு. ஆள் இல்லை என்று திருப்பி எடுத்துப் போனால் பெட்ரோலும் நேரமும் அவருடைய நஷ்டம். மே மாத வெயிலில் மூன்று மாடி ஏறி, பூட்டிய கதவைப் பார்த்து நிற்பவருக்கு எதிர் வீட்டுக் கதவு திறந்தால் அது ஆறுதல். “அக்கா, எதிர் வீட்டுல யாரும் இல்லக்கா. இதக் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கிறீங்களா?” என்று கேட்கும் அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

தமிழ்நாடு அரசு 2023-இல் டெலிவரி செய்பவர்கள் போன்று இணையவழி நிறுவனங்களுக்கு வேலைக் கணக்கில் உழைக்கும் ‘கிக்’ தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் அமைத்தது. இவர்களும் தொழிலாளர்கள்தான் என்பதை அரசு ஏற்றதற்கு அது அடையாளம். பூட்டிய வீட்டுக்கு ஏறி இறங்கியதற்கும் கூலி உண்டு என்ற நிலை வந்தால், பார்சலை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டிய அவசரம் அவருக்கு இருக்காது.

எது பக்கத்து வீடு?

சென்னையில் முகவரியே பாதிக் குழப்பம். பழைய எண், புதிய எண் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு எண்கள். ஒருவரின் புதிய எண் அதே தெருவில் இன்னொருவரின் பழைய எண்ணாக இருக்கும். பிள்ளையார் கோவில் தெருவும் காந்தி நகரும் இல்லாத பகுதி எது? அடுக்ககமாக இருந்தால் ‘ஏ’ பிளாக்குக்கு வந்தது ‘பி’ பிளாக்கில் அதே எண்ணுள்ள வீட்டில் கிடக்கும். இத்தனைக்கும் நடுவே ‘பக்கத்து வீட்டில் கொடுத்தேன்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு பார்சலைத் தேட வேண்டியிருக்கிறது.

1972 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமான ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் தபாலைச் சரியான தபால் நிலையம் வரை கொண்டுசேர்த்தது. 2025-இல் அஞ்சல் துறை வெளியிட்ட டிஜிபின், நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து-எண் குறியீடு தருகிறது. வீட்டை அடையாளம் காண இது நல்ல வழி. ஆனால் அடுக்ககத்தில் எத்தனையாவது மாடி என்பதை அது சொல்லாது. கதவு பூட்டியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அதில் விடை இல்லை.

என்னவெல்லாம் இழக்கிறோம்

சட்டையும் செருப்பும் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தால் பெரிய நஷ்டமில்லை. மருந்து அப்படியல்ல. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பெட்டியை வாங்கி, காற்றோட்டமில்லாத வராந்தாவில் வைத்துவிட்ட பக்கத்து வீட்டார் மீது குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மருந்து வீணாகிவிடுகிறது.

உடைந்த பொருள் இன்னொரு தலைவலி. திருப்பி அனுப்பப் பல நிறுவனங்கள் தரும் அவகாசம் ஏழு அல்லது பத்து நாட்கள்தான். பொருள் பக்கத்து வீட்டில் இருக்கும் நாட்களும் அதில் கழிகின்றன. உடைந்தது வழியிலா, வாங்கி வைத்த இடத்திலா என்ற கேள்வி எழும்போது, பல வருட நட்பில் கீறல் விழுகிறது.

பணம் கொடுத்து வாங்கும் பார்சலில் ஏமாற்றும் புகுந்துவிட்டது. “எதிர் வீட்டு அம்மாதான் ஆர்டர் பண்ணியிருக்காங்க, நீங்க பணத்தக் குடுத்துடுங்க, வந்து தருவாங்க” என்று யாரோ வந்து சொல்ல, நம்பிப் பணம் கொடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தால் உள்ளே குப்பை. இந்த வலையில் அதிகம் சிக்கக்கூடியவர்கள் பகலில் வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள்.

ஆவணங்களின் கதை இன்னும் கடுமையானது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி முதல் ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வீட்டுக்கு வருகின்றன. வங்கி அட்டையும் வக்கீல் நோட்டீஸும் அப்படியே. காசோலை திரும்பிய வழக்கில், நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் கட்ட வேண்டும். சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட கடிதம் சேர்ந்ததாகவே கொள்ளலாம் என்பது 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தில் உள்ள அனுமானம். நோட்டீஸே வரவில்லை என்பவர், நீதிமன்றச் சம்மன் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட வாய்ப்புண்டு என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வாய்ப்பையும் தவறவிட்டால், கடிதம் எதிர் வீட்டு அலமாரியில் கிடந்தது என்ற விளக்கம் பெரிதாகக் கைகொடுக்காது.

இவற்றோடு அந்தரங்கமும் போகிறது. பார்சல் மேலே பெயர், முகவரி, பல நேரங்களில் கைபேசி எண்ணும் இருக்கும். யார் என்ன வாங்குகிறார், எந்த மருந்துக் கடையிலிருந்து வருகிறது என்பதெல்லாம் அடுத்தவர் அறிய வேண்டிய செய்தியா?

வாங்கி வைப்பவரின் பாடு

பகலில் வீட்டில் இருப்பவர் யார் என்பது டெலிவரி செய்பவர்கள் அனைவருக்கும் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற பெரியவரோ, குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் பெண்ணோ அந்த மாடி முழுவதற்கும் சம்பளமில்லாத பார்சல் அலுவலகமாகிவிடுகிறார். மதியத் தூக்கம் போகிறது. இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். ஏதாவது காணாமல் போனால் சந்தேகம் முதலில் அவர் மீது விழுகிறது.

சட்டம் இவரைக் கொஞ்சம் காக்கிறது. பிறர் பொருளை வைத்திருப்பவர், தன் பொருளை ஒரு சராசரி மனிதர் எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொண்டால் போதும். அதன் பிறகும் இழப்பு நேர்ந்தால் அவர் பொறுப்பாக மாட்டார் என்கின்றன 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152 பிரிவுகள். வாங்க மாட்டேன் என்று சொல்லவும் அவருக்கு முழு உரிமை உண்டு.

பிரிட்டன் செய்தது என்ன?

ராயல் மெயில் அஞ்சல் நிறுவனம் பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுக்க பிரிட்டனில் 2012 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் எடின்பரோ, ஹல், ஸ்வான்சீ உள்ளிட்ட ஆறு பகுதிகளில் சோதித்துப் பார்த்தார்கள். அனுமதி தந்த ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சில வரையறைகளை உறுதி செய்தது. எந்த வீட்டில் கொடுத்தோம் என்று பெற வேண்டியவருக்குச் சீட்டு வைக்க வேண்டும். விருப்பமில்லாதவர்கள் கதவில் ஒட்டிக்கொள்ள இலவச ஒட்டுவில்லை தர வேண்டும். பொருள் உரியவரிடம் சேரும் வரை பொறுப்பு நிறுவனத்துடையது. 2015-இல் வந்த நுகர்வோர் உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு: பொருள் வாங்கியவர் கைக்கோ அவர் குறிப்பிட்ட நபர் கைக்கோ போய்ச் சேரும் வரை இழப்பு விற்றவருடையது.

நம்மிடம் இருப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். ஒப்பந்தப்படி பொருளைக் கொண்டுசெல்பவரிடம் விற்பவர் ஒப்படைத்தாலே, வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளலாம் என்கிறது அதன் 39-ஆம் பிரிவு. வியாபாரிக்கு வியாபாரி ரயிலில் மூட்டை அனுப்பிய காலத்துக்கு அது பொருந்தியது. கைபேசியில் ஒரு சேலை வாங்கும் பெண்ணுக்குப் பொருந்தாது. நுகர்வோருக்கென்று இந்த விதியை மாற்றியாக வேண்டும்.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரை கையிலிருக்கும் வழிகளைப் பயன்படுத்துவோம். ஆர்டர் செய்யும்போதே, ஆள் இல்லையென்றால் யாரிடம் கொடுக்கலாம், யாரிடமும் கொடுக்கக் கூடாதா என்று முகவரியோடு எழுதிவிடுங்கள். ஒருவர் பெயரைக் கொடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். போனில் ஓ.டி.பி. சொன்னால், நீங்களே வாங்கியதாகப் பதிவாகிவிடும். பொருள் யார் கையில் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டுக்காக வாங்குபவர்கள் பெட்டி கிழிந்திருந்தால் வாங்க வேண்டாம். உடனே ஒரு படம் எடுத்து உரியவருக்கு அனுப்பிவிடுங்கள். பணம் கேட்டால், உரியவரிடம் போனில் பேசாமல் ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். குடியிருப்போர் சங்கங்கள் வாயிலில் பூட்டக்கூடிய ஓர் அலமாரியும், வந்தது-போனது எழுத ஒரு நோட்டும் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பொருள் கிடைக்கவில்லையா? வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் எழுத்தில் புகார் செய்யுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

நிறுவனங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். வாங்கியவர் சொன்னால், பக்கத்து வீட்டார் சம்மதித்தால், அவர் பெயரும் வீட்டு எண்ணும் குறுஞ்செய்தியில் வந்தால் மட்டுமே பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பார்சல் டெலிவரி ஆகவில்லை என்றே கணக்கில் எழுத வேண்டும். அப்படி எழுத வைக்கும் விதியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கொண்டுவர வேண்டும். நுகர்வோர் அமைப்புகளும் குடியிருப்போர் சங்கங்களும் இதைக் கேட்டு எழுதட்டும். ஒவ்வொரு முறை பார்சல் தொலையும்போதும் நாம் தரும் எழுத்துப் புகார்தான் அந்த விதிக்கு ஆதாரமாகும்.