புயலில் சாய்ந்த தூங்குமூஞ்சி: விறகா, கிண்ணமா? மரக் கடைசலின் கணக்கு என்ன?

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தது. நகரத்திலும் ஈசிஆர் பக்கமும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் தூங்குமூஞ்சி மரங்களும் நிறைய. சாலையைத் திறந்தால் போதும் என்பதுதான் அன்றைய அவசரம். அடிமரம், கவட்டை, கிளை என்று எதையும் பார்க்காமல் துண்டு போட்டு லாரியில் ஏற்றினார்கள். ‘தூங்குமூஞ்சியா, அது அடுப்புக்குத்தான் லாயக்கு’ என்பது நம்மூரில் பழகிப்போன பேச்சு.

இதே மரத்துக்கு ஹவாய் தீவுகளில் ‘மங்கிபாட்’ என்று பெயர். அங்கே இதைக் கடைந்து செய்யும் கிண்ணங்களைச் சுற்றுலாப் பயணிகள் பல பத்தாண்டுகளாக ஆசையாக வாங்கிப் போகிறார்கள்.

யூடியூபில் மரக் கடைசல் வீடியோ பார்ப்பவர்களுக்கு ‘பிளாக் லோகஸ்ட்’ என்ற பெயர் அறிமுகமாகியிருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் ‘கருப்பு வெட்டுக்கிளி’ என்று வந்து நிற்கும்! அது பூச்சி இல்லை, வட அமெரிக்காவின் ரொபீனியா மரம். மஞ்சள் பச்சை நிறம், நல்ல வைரம். புற ஊதா விளக்கின் கீழ் பளீரென ஒளிரும். இந்தியாவில் காஷ்மீர், இமாச்சலம் மாதிரி குளிர்ப் பகுதிகளில் வளர்கிறது, முட்டுக்காட்டு உப்புக்காற்றில் அல்ல. ஆனால் அதன் பயறு குடும்பத்துச் சொந்தங்கள் இங்கே ஏராளம்: தூங்குமூஞ்சி, வாகை, வேலம், புளி. ‘வாகை சூடினான்’ என்கிறோமே, அந்த வாகைக்கு மர வணிகத்தில் ‘கிழக்கிந்திய வால்நட்’ என்றே ஒரு பெயர் உண்டு.

கோலம் எங்கிருந்து வருகிறது?

எல்லாத் துண்டும் அழகாக இருக்காது. நேராக வளர்ந்த மரத்தில் நார்களும் நேராக ஓடும், ரேகை சாதாரணமாக இருக்கும். கிளை பிரியும் கவட்டையிலும், முண்டு விழுந்த இடத்திலும், காயம் ஆறிய இடத்திலும் நார்கள் வளைந்து நெளிந்து முறுக்கிக்கொள்கின்றன. மெருகேற்றிய பிறகு, ஒரு பக்கம் சாய்ந்த நார் ஒளியைத் திருப்பி அனுப்பும். மறுபக்கம் சாய்ந்தது இருளாகத் தெரியும். கிண்ணத்தைக் கையில் திருப்பத் திருப்ப வெளிச்சமும் நிழலும் இடம் மாறும். காஞ்சிபுரம் மயில்கழுத்துப் பட்டை அசைத்தால் நிறம் மாறுவது போலத்தான்.

விறகுக்காரர் பிளக்க முடியவில்லை என்று ஒதுக்கித் தள்ளும் கட்டைதான் கடைசல்காரருக்குப் புதையல்.

நார் நாலா பக்கமும் திரும்பும் இடத்தில் உளி வெட்டுவதற்குப் பதிலாக நாரைப் பிய்த்து எடுத்துவிடும். அதனால் உளியை அடிக்கடி தீட்ட வேண்டும், கடைசிச் சீவல்கள் மெல்லியதாக இருக்க வேண்டும், வெட்டும் திசையும் சரியாக அமைய வேண்டும். மரத்தைக் கிடையாகப் பொருத்திக் கடையும் கிண்ணத்தில் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பு நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடு நோக்கியும் சீவுவார்கள். கட்டில் கால், சப்பாத்திக் கட்டை, பம்பரம் கடைபவரின் கைப்பழக்கம் வேறு. அங்கே நார் நீளவாக்கில் ஓடுவதால் தடித்த பக்கத்திலிருந்து ஒல்லிப் பக்கம் இறங்க வேண்டும். நம்மூர்ப் பட்டறைகளில் கிண்ணம் அபூர்வமாக இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்திலும், சுழற்சியை நிமிடக் கணக்கிலும் எடுத்துப் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் இருக்க வேண்டும். 10 அங்குலக் கட்டை என்றால் 600 முதல் 900 சுற்று. 800 சுற்றில் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 38 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. விரிசல் உள்ள கட்டை அந்த வேகத்தில் உடைந்தால் பறப்பது முகத்தை நோக்கித்தான். முழு முகக் கவசம் இல்லாமல் கடைவது, ஹெல்மெட் இல்லாமல் ஈசிஆரில் பைக் ஓட்டுகிற கதை. தூசியையும் லேசாக எடுக்கக் கூடாது. மரத்தூசியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை. வாகைத் தூசியோ தும்மலைக் கிளப்புவதில் பேர் போனது.

ஏன் உடனே செய்து முடிக்க முடியாது?

இதில்தான் பணமும் பொறுமையும் மாட்டிக்கொள்கின்றன. பச்சை மரத்தின் ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது மரம் சுருங்கத் தொடங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைவிட அதிகம்; பல மரங்களில் இரு மடங்குக்கு அருகில். அந்த இழுபறியில்தான் கிண்ணம் கோணுகிறது, வெடிக்கிறது. ரொபீனியாவில் இந்த இரண்டும் சுமார் 7.2, 4.6 சதவீதம். தூங்குமூஞ்சியில் வெறும் 3.4, 2.0. நாம் அடுப்புக்கு அனுப்பும் மரம், கடைவதற்கு எவ்வளவு சாதுவானது பாருங்கள். பச்சையாகக் கடைந்தாலும் அதிகம் கோணாது.

பொதுவாக இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டு முரட்டுக் கிண்ணம். 10 அங்குலத்துக்கு 1 அங்குலச் சுவர். வெட்டுமுனைகளில் மெழுகு தடவி, நிழலில், மரத்தூளிலோ காகிதப் பையிலோ சில மாதங்கள் விடுவார்கள். எடை குறைவது நின்ற பிறகே இறுதிக் கடைசல். சுவரை ஓரளவு மெலிதாக்கலாம், ரொம்ப ஆசைப்பட்டால் ஓட்டை விழும்.

சாலையோர மரம் விழுந்தாலும் அது பொதுச் சொத்து என்பதை மறந்துவிட வேண்டாம். அனுமதியோ ஏலமோ இல்லாமல் கட்டையைத் தூக்கிவர முடியாது. வீட்டுத் தோட்டத்தில் சாய்ந்ததுதான் எளிதான ஆரம்பம்.

இந்தக் கடற்கரைக்குக் கைவினை புதிதல்ல. மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக்கலைக் கல்லூரியில் கல்லோடு மரச் சிற்பமும் கற்றுத்தருகிறார்கள். முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், செட்டிநாட்டிலிருந்து பிரித்து வந்து மீண்டும் எழுப்பிய வீட்டின் மரத்தூண்களைத் தொட்டுப் பார்த்தாலே பழைய தச்சரின் கை தெரியும். கடைசலுக்கு நம் பக்கத்து முன்மாதிரி அம்பாசமுத்திரம் செப்புச் சாமான், கர்நாடகத்தின் சன்னபட்னா பொம்மை. சன்னபட்னாவில் வெட்பாலை மரத்தின் மீது அரக்கு வண்ணத்தை ஏற்றித் தாழை ஓலையால் மெருகேற்றுகிறார்கள். ஆனால் ரேகையே அழகாக இருக்கும் துண்டில் வண்ணம் பூசினால் எல்லாம் மறைந்துவிடும். அதற்குத் தேன்மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ போதும்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். பழம் வைக்கும் கிண்ணத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் அது கெட்டியாகாது, நாளடைவில் சிக்கு வாடை வரும்.

வாங்குவதாக இருந்தால் முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் மரத்தின் குருத்துப் புள்ளி தெரிந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கடலோர ஈரத்தில் காய்ந்த கிண்ணத்தை ஓஎம்ஆர் அபார்ட்மென்டில் ஏசி காற்று நேரே அடிக்கும் இடத்தில் வைத்தால், சும்மா இருந்த மரம் மறுபடி சுருங்க ஆரம்பிக்கும். முதல் சில வாரங்கள் ஏசி இல்லாத அறையில், வெயில் படாமல் வையுங்கள்.