ஆடியில் ஊசி எடுத்தால் மார்கழிக்கு ஸ்வெட்டர்

திருச்சியில் ஒருவர் கம்பளி நூலும் கையுமாக உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்பதுதான். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா எல்லோர் மடியிலும் ஒரு நூலுருண்டை கிடக்கும். கல்யாணமாகிச் சமவெளிக்கு வந்த பிறகும் நான் ஊசியைக் கீழே வைக்கவில்லை. சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்குப் பின்னல் கற்க வரும் பெண்களிடம் எப்போதும் இரண்டு விஷயம் கேட்பேன். இதை எந்த ஊரில், எந்த மாதத்தில் போடப் போகிறார்கள்? நீ எந்த மாதத்தில் உட்கார்ந்து பின்னப் போகிறாய்? இவை தெரிந்துவிட்டால் நூலும் ஊசியும் டிசைனும் தாமாகவே முடிவாகிவிடும். பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். வேலை பாதியில் நின்று பரணுக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவதை யோசிக்காததால்தான்.

வெளிநாட்டுப் பின்னல் புத்தகங்கள் வருஷத்தை வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர் என்று நான்காகப் பிரிக்கின்றன. செப்டம்பர் பிறந்ததும் தடித்த மஃப்ளருக்கு டிசைன் கொடுப்பார்கள். நமக்கு அது புரட்டாசிப் புழுக்கம். நம் ஊருக்கு வெயில், மழை, பனி என்ற கணக்கே போதும்.

பின்னல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் பனியன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் இழுத்துப் பாருங்கள். முன்பக்கம் சின்னச் சின்ன 'வி' எழுத்துகள் வரிசையாக நிற்கும். உள்பக்கம் அலை அலையாக மேடு தெரியும். திருப்பூர் மெஷின் போட்ட அந்தக் கண்ணிகளைத்தான் நாங்கள் இரண்டு நீள ஊசிகளால் கையில் போடுகிறோம். அது நிட்டிங். குரோஷாவுக்கு நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசி. நிட்டிங்கைப் போல வரிசை முழுவதும் ஊசியில் ஏறி நிற்காது, ஒரு கண்ணியை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போகும். அதனால் குரோஷாத் துணி கனமாக வரும், நூலும் கூடுதலாகச் செலவாகும். உடம்பைப் பிடித்து, இழுத்தால் நெகிழ வேண்டிய ஸ்வெட்டருக்கும் சாக்ஸுக்கும் நிட்டிங். விறைப்பாக நிற்க வேண்டிய பைக்கும், கண்கண்ணாகத் திறந்த சால்வைக்கும் குரோஷா.

அடுத்தது நூல். அசல் ஆட்டுக் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் சொதசொதவென்று இருக்காது. நெளிநெளியான இழைகளுக்குள் காற்று தங்குவதால் சூடும் நிற்கும். அக்ரிலிக் மலிவு, துவைப்பது சுலபம், சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி உடம்பைக் குளிர வைக்கும். அதே குணத்தால்தான் மலைக்குளிருக்கு அது ஆகாது. குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பருத்திச் சட்டை ஒன்று நனைந்தால் நாள் முழுக்க நடுக்கம்தான். கம்பளி, ஈரமானாலும் காப்பாற்றும்.

வெயில் காலத்துக்குப் பருத்தியும் குரோஷாவும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். குரோஷா குளிர்நாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் ஆந்திராவின் நரசாப்பூரைப் பார்க்க வேண்டும். கோதாவரி டெல்டாவின் அந்த வெக்கையில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வெள்ளைப் பருத்தி நூலில் லேஸ் போடுகிறார்கள். அந்த லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மெல்லிய நூல், சின்ன ஊசி, உள்ளங்கையில் அடங்கும் வேலை; சித்திரை, வைகாசிக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. தண்ணீர்ச் செம்புக்கு ஓரத்தில் மணி கோத்த மூடி, துப்பட்டா ஓரம், கைக்குட்டை ஓரம், குழந்தைக்குக் கண்கண்ணாகத் திறந்த தொப்பி என்று செய்யலாம். பருத்தியில் பெரிய சட்டை போடுவதானால் மட்டும் முதலில் நாலு அங்குலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, தொங்கவிட்டு அளந்து பாருங்கள். பருத்திக்குக் கம்பளியின் நெகிழ்வு கிடையாது. தன் கனத்தாலேயே இறங்கி, இடுப்பளவுச் சட்டை தொடைக்கு வந்துவிடும்.

ஆனால் வெயிலிலேயே கம்பளி பின்ன வேண்டிய கட்டாயமும் நமக்கு உண்டு. கேதார்நாத் கோயில் நடை திறப்பது இங்கே அக்னி நட்சத்திரத்தை ஒட்டி. பதினோராயிரம் அடிக்கு மேலே, மே மாத ராத்திரியிலும் அங்கே உறைய வைக்கும் குளிர். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, "ஏம்மா, காது மூடுற மாதிரி ஒரு குல்லா போட்டுக் கொடேன்" என்று வந்து நின்றார்கள். கனடாவில் இருக்கும் பிள்ளைக்கு அக்டோபரில் ஸ்வெட்டர் கையில் கிடைக்க வேண்டுமானால் தாய் அதை ஆனி, ஆடியில் பின்ன வேண்டும். மடியில் ஒரு போர்வையை விரித்துக்கொண்டு அந்தப் புழுக்கத்தில் உட்கார யாராலும் முடியாது.

வழி, துண்டு துண்டாகப் பின்னுவது. ஸ்வெட்டரானால் கைகளை முதலில் முடியுங்கள். போர்வையானால் குரோஷாச் சதுரங்கள். ஐந்து சங்கிலி போட்டு வளையமாக்கி, அந்த வளையத்துக்குள் மூன்று மூன்று டிரெபிள் கண்ணிகளாக நான்கு கொத்து. கொத்துக்கு இடையே இரண்டு சங்கிலி விட்டால் அதுவே மூலை. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கொத்து. நாலைந்து சுற்றில் ஒரு கைக்குட்டைக்குப் பாதி அளவில் சதுரம் நிற்கும். பஸ்ஸில் போகும்போதுகூடப் போடலாம். சதுரங்களைப் பெட்டியில் சேர்த்து வைத்து, கார்த்திகை குளிர்ந்ததும் ஒன்றாக இணைத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரியில் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையோடு கின்னஸ் சாதனை படைத்ததும் இப்படித்தான். அவரவர் வீட்டில் போட்ட துண்டுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து இணைத்தார்கள். நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ற முறை இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழைக்காலத்தில் எதைப் பின்னலாம் என்பதைக் கொடிக்கயிறுதான் முடிவு செய்யும். லேஸையும் கம்பளிச் சால்வையையும் பின்னி முடித்ததும் நனைத்து, குண்டூசி குத்தி விரித்துக் காயவைத்தால்தான் டிசைன் திறக்கும். ஐப்பசி அடைமழையில் அது காயாது, வாடை பிடித்துவிடும். அந்த வேலையைத் தை வெயிலுக்கு ஒதுக்கி வையுங்கள். மழையில் அக்ரிலிக் மிதியடி, தோள்பை போடுங்கள். நனைந்தாலும் மறுநாள் காய்ந்திருக்கும். ஆனால் சூடான பாத்திரம் பிடிக்கும் துணியை மட்டும் ஒருபோதும் அக்ரிலிக்கில் போடாதீர்கள். சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். அதற்குப் பருத்திதான். கடலோர ஊர்க்காரர்கள் இரும்புக் குரோஷா ஊசியை வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்க வேண்டும். துரு ஒரு பொட்டு பட்டாலும் வெள்ளை நூலிலிருந்து போகாது.

கொலுப் படிக்கு லேஸ் விரிப்பு வேண்டுபவர்கள் ஆவணியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

மார்கழிக்குச் சமவெளியில் முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் அதிகம். காலை ஏழு மணி தாண்டினால் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வோம். கோயிலுக்கும் நடைப்பயிற்சிக்கும் போகிறவர்களுக்கு அக்ரிலிக்கும் பருத்தியும் கலந்த நூலில் கையில்லாத ஸ்வெட்டர் அல்லது குல்லாவே போதும். 10-ஆம் நம்பர் ஊசி, அதாவது 3.25 மில்லிமீட்டர், சரியாக இருக்கும். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். நீலகிரிக்கு என்றால் பேச்சே இல்லை, கம்பளிதான். தையில் ஊட்டிப் புல்வெளியில் உறைபனி படியும்.

கைக்குழந்தைக்குப் பின்னும்போது இன்றைய அளவை எடுக்காதீர்கள். மூன்று மாதத்தில் 16 அங்குலம் இருக்கும் நெஞ்சளவு ஆறு மாதத்தில் 17, ஒரு வயதில் 18 என்று கூடும். ஆனியில் பிறந்த குழந்தைக்கு மார்கழியில் போடப் போகும் சட்டை ஆறு மாதக் குழந்தையின் சட்டை. ரோமம் உதிரும் புசுபுசு நூல் வேண்டாம், மூக்கில் போகும். விரல் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்களும், கழுத்தில் நாடாவும் வேண்டாம்.

ஆகவே இந்த வருஷ மார்கழிக்கு ஏதாவது பின்னும் எண்ணம் இருந்தால் ஆடியிலேயே நூல் கடைக்குப் போய்வாருங்கள். முழு வேலைக்கும் வேண்டிய உருண்டைகளை ஒரே தடவையில், ஒன்று கூடுதலாகவே வாங்குங்கள். ஒவ்வொரு உருண்டையின் காகிதப் பட்டையிலும் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் அச்சிட்டிருக்கும். இந்த இரண்டு எண்களும் எல்லா உருண்டைகளிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று கடையிலேயே நின்று பார்த்து வாங்குங்கள். கார்த்திகையில் போய் அதே சிவப்பைக் கேட்டால், கடைக்காரர் எடுத்துத் தருவது வேறு சிவப்பாக இருக்கும்.